விரல் விட்டுக் கட்டியது

என் அம்மா வாழ்நாளில் தொட்ட கம்பி ஒன்றே ஒன்றுதான், வேலிக் கம்பி. அதில் சேலை மாட்டிக் கிழிந்தால் அன்று பொழுது சாயும்வரை வேலி போட்டவனைத் திட்டிக்கொண்டிருப்பாள். அப்படிப்பட்டவள் எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக வந்த கம்பி நகைக் கலையை எனக்குக் கற்றுக்கொடுத்தாளாம். இதை நான் சொல்லவில்லை. ஏற்காட்டில் நான் வேலை பார்க்கும் ரிசார்ட்டின் நினைவுப்பொருள் கடையில், நான் செய்த பதக்கத்தோடு நூலில் கட்டித் தொங்கிய ஓர் அட்டை சொன்னது.

அட்டை ஆங்கிலத்தில் இருந்தது. நான் பத்தாவது வரை படித்தவள். துவைத்த படுக்கை விரிப்புகளைக் கையில் அடுக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக எழுத்துக்கூட்டிப் படித்தேன். சேர்வராயன் மலையின் பழங்குடிப் பெண்கள் பல நூறு ஆண்டுகளாகத் தாயிடமிருந்து மகள் என்று வழிவழியாகக் கற்றுவரும், இன்று அழிந்துகொண்டிருக்கும் கலை என்று போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு கிழவியின் படம். மூக்கின் இரண்டு பக்கமும் பெரிய வளையம், நெற்றி நிறையப் பச்சை குத்தல். எந்த மாநிலத்து அம்மாவோ, பாவம், எங்கள் மலையில் அப்படி ஒருத்தரை நான் பார்த்ததே இல்லை. அழிந்துகொண்டிருக்கிறதாம். நான் ஆரம்பித்தே ஏழு மாதம் ஆகவில்லை.

எனக்குப் பற்றி எரிந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எரிகிறது. நாங்கள் மலைக்காரர்கள்தான், அதை நான் எங்கேயும் மறைத்ததில்லை. ஆனால் மலைக்காரி என்றால் எல்லாமே பிறக்கும்போதே கையோடு வந்துவிடும், அவள் உட்கார்ந்து யோசிக்கவே மாட்டாள் என்று இவர்களுக்கு யார் சொன்னது? அந்தப் பதக்கத்தை நான் யோசித்தேன். மூளையைக் கசக்கி, விரலைக் கிழித்துக்கொண்டு யோசித்தேன்.

கற்றுக்கொண்ட கதையைச் சொல்கிறேன். போன ஆனி மாதம் எங்கள் ரிசார்ட்டில் பெண் பணியாளர்களுக்குக் கைத்தொழில் பயிற்சி என்று ஒரு பேனர் கட்டினார்கள். விருந்தாளிகள் குறைவாக இருக்கும் மழைக்காலம். மதியச் சாப்பாடு முடிந்து சாப்பாட்டு அறை காலியானதும் வகுப்பு. நான் சலவைப் பிரிவு. மழையில் விரிப்புகள் காயாமல் கிடந்து நாறும், அந்த நேரத்தில் வகுப்புக்குப் போ என்றால் யாருக்குத்தான் கசக்கும். பன்னிரண்டு பேர் உட்கார்ந்தோம். என் பக்கத்தில் குளியலறைகள் கழுவும் பெண் ஒருத்தி. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பிறந்து, எங்கள் ரிசார்ட் சமையல்காரரைக் கட்டிக்கொண்டு மேலே வந்தவள். என்னைவிட எட்டு வயது சின்னவள், வாய் மட்டும் எட்டு ஊருக்குக் கேட்கும்.

சொல்லிக்கொடுக்க வந்தது பெங்களூரிலிருந்து ஒரு பெண். நல்ல பெண்தான், குறை சொல்ல மாட்டேன். ஆளுக்கு இரண்டு குறடு, கம்பி வெட்ட ஒரு கட்டர், தங்க நிறக் கம்பிச் சுருள் ஒன்று, ஒரு டப்பா கண்ணாடி மணி எல்லாம் கொடுத்தாள். முதல் நாள் ஒரு பேச்சு பேசினாள். இயற்கையைப் பாருங்கள், அங்கிருந்துதான் இன்ஸ்பிரேஷன் வரும் என்றாள். சொல்லிவிட்டுச் சாரல் அடிக்கிறது என்று ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். பிறகு தன் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். ஒரு வளையத்துக்குள் கம்பியால் செய்த மரம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நூறு மரம் நனைந்துகொண்டு நிற்க, நாங்கள் பன்னிரண்டு பேரும் போனைப் பார்த்து ஒரே மரத்தைச் செய்தோம்.

இந்த வேலையின் அடிப்படை சுற்றுவது. தடித்த கம்பியின் மேல் மெல்லிய கம்பியை இடைவெளி இல்லாமல் நெருக்கி நெருக்கிச் சுற்ற வேண்டும். எல்லோருக்கும் இரண்டாம் நாளே வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. என் சுற்று ஒவ்வொன்றும் தொளதொளவென்று நின்றது. அந்தப் பெண் வருவாள், சாயம் பூசிய நகத்தை என் சுற்றுக்குள் விட்டுப் பார்ப்பாள். நகம் போய்விட்டால் கட்டரை எடுத்து நறுக்கென்று வெட்டிவிடுவாள். டைட்டாகச் சுற்றுங்கள், இன்னும் டைட்டாக என்பாள். ஒரே மதியத்தில் நான்கு தடவை வெட்டினாள். கையிடம் சொல்லிப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். கை கேட்கவில்லை.

நான்காம் தடவை வெட்டியபோது பக்கத்தில் இருந்தவள் என் கையையே உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"ஏனுங்கக்கா, நீங்க கம்பி சுத்தறீங்களா, மொளகுக் கொடி கட்டறீங்களா?"

அறையே சிரித்தது. எனக்கு அவளை அறையலாம் போல வந்தது. அவள் சொன்னது அப்படியே நிஜம் என்பதால்தான் அவ்வளவு கோபம்.

ரிசார்ட்டுக்கு வருவதற்கு முன்பு கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். காப்பிப் பழம் பறிப்பேன், மழைக்காலத்தில் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடியை ஏற்றிக் கட்டுவேன். அங்கே மேஸ்திரி ஒருவர் இருந்தார். கட்டி முடித்த ஒவ்வொரு கட்டுக்குள்ளும் தன் ஆள்காட்டி விரலை நுழைத்துப் பார்ப்பார். விரல் போகாவிட்டால் கத்தியை எடுத்துக் கட்டை அறுத்து, மறுபடி கட்டு என்பார். கொடி பருக்கிற சாதி. இறுக்கிக் கட்டினால் அது பருக்கும்போது கழுத்து நெரிந்து, அடுத்த மழைக்குள் பழுத்து உதிர்ந்துவிடும். "வெரல் உட்டுக் கட்டு, வெரல் உட்டுக் கட்டு" என்று அவர் மரத்துக்கு மரம் கத்திக் கத்தி, என் கைக்கு வேறு மாதிரி கட்டவே தெரியாமல் போய்விட்டது. ஆக, ஒருத்தர் விரல் போகவில்லை என்று வெட்டினார், இன்னொருத்தி நகம் போகிறது என்று வெட்டினாள். இரண்டு இடத்திலும் திட்டு வாங்கியது இதே கைதான்.

வகுப்பு முடிந்தது. சான்றிதழ் கொடுத்துப் படம் எடுத்தார்கள். சான்றிதழில் என் பெயரின் கடைசி எழுத்தைத் தப்பாக அடித்திருந்தார்கள், பக்கத்தில் இருந்தவள்தான் முதலில் பார்த்துச் சொன்னாள். திருத்திக் கேட்டேன், மெயில் போட்டிருக்கிறோம் என்றார்கள். அந்த மெயில் எந்த மலையில் ஏறிக்கொண்டிருக்கிறதோ, இன்னும் வரவில்லை. மற்றவர்கள் குறட்டைப் பரணில் போட்டுவிட்டார்கள். எனக்கு மட்டும் விட மனதில்லை. காரணம் கலை ஆர்வம் என்று பெருமையாகச் சொல்லலாம், அது பொய். வீம்புதான். என் கை கொடிதான் கட்டும் என்றால் கொடியையே கட்டிக் காட்டுகிறேன் என்று ஒரு வீம்பு.

தங்க நிறக் கம்பி தீர்ந்துவிட்டிருந்தது. மோட்டார் காயில் கட்டும் கடையில் எரிந்துபோன காயில் ஒன்றை வாங்கி வந்தேன். அது செம்புக் கம்பி, மேலே அரக்கு மாதிரி ஒரு பூச்சு இருக்கும். அடுப்பில் போட்டுச் சுட்டால் பூச்சு கருகிவிடும், கம்பியும் வளைக்க இளகிக் கொடுக்கும். வீடு முழுக்க நாற்றம். சோறு பொங்குகிற அடுப்பில் கம்பியை வேக வைக்கிறாயே என்று வீட்டுக்காரர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் பேசாததும் ஒரு வகையில் வசதியாக இருந்தது, வேலை ஓடியது.

ஓடியது என்றா சொன்னேன். ஒடிந்தது. செம்புக் கம்பியை ஒரே இடத்தில் வளைத்து நிமிர்த்தி மறுபடி வளைத்தால் அந்த இடம் விறைத்துப் பட்டென்று போய்விடும். பன்னிரண்டு துண்டு ஆனபிறகு குறட்டைத் தூக்கிக் காப்பிச் செடிகளுக்குள் வீசினேன். வீசிய வேகத்திலேயே, ஐயோ வளைக்கிற குறடு அது ஒன்றுதானே இருக்கிறது என்று, தூறலில் நானே குனிந்து தேடினேன். அன்று ஞாயிற்றுக்கிழமை மதியம். தேடிக்கொண்டே எங்கள் வீட்டுப் பின்புறம் உள்ள சில்வர் ஓக் மரத்தடிக்கு வந்துவிட்டேன். மூன்று வருடத்துக்கு முன் நான் கட்டிய கொடி அதில் நிற்கிறது. என் கட்டுகள் எல்லாம் இற்று லொடலொடவென்று தொங்கின. கொடி விழவில்லை. கணுவுக்குக் கணு சின்னச் சின்ன வேர் விட்டு அதுவே மரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

குறடு கிடைத்ததா என்றுகூட அப்போது நினைவில்லை. கொடியைக் கட்டிப்போட வேண்டியதில்லை, அதற்குச் சாய்ந்துகொள்ள ஓர் இடம் கொடுத்தால் போதும் என்று பட்டது. பதினோரு வருடம் கட்டியிருக்கிறேன், ஒரு நாளும் அதைப் பார்த்ததில்லை. நாள் கூலிக்குக் கட்டும்போது எங்கே பார்ப்பது, அடுத்த மரத்துக்குப் போ என்று பின்னால் சத்தம் வந்துகொண்டே இருக்குமே.

அப்புறம் செய்தேன். தடித்த கம்பி ஒன்று நேராக, அது மரம். மெல்லிய கம்பி அதன் மேல் வளைந்து ஏறும் கொடி. ஒவ்வொரு கணுவிலும் ஒரு சுற்று, நகம் தாராளமாகப் போகும்படி. மிளகுச் சரத்துக்குக் கண்ணாடி மணி வேண்டாம் என்று கல்வாழை விதை எடுத்தேன். எங்கள் பக்கம் வேலியோரமெல்லாம் கிடக்கும், மிளகு மாதிரியே கறுப்பாக இருக்கும். முற்றிக் கல்லாவதற்கு முன் சூடான ஊசியால் குத்தினால்தான் துளை விழும். ஆறாவது தடவை சரியாக வந்தது. சுற்றுகள் தளர்வாக இருந்ததால், கழுத்தில் போட்டுக்கொண்டு மூச்சு விட்டால் சரம் மெல்ல ஆடியது. அந்தப் பெங்களூர்ப் பெண் செய்த மரம் எதுவும் ஆடாது. கண்ணாடி முன்னால் நின்று வேண்டுமென்றே பெருமூச்சு விட்டுப் பார்த்தேன். பெருமை தாங்கவில்லை.

அதைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். கடையைப் பார்த்துக்கொள்ளும் மேடம் கண்ணில் பட்டது. பத்து செய்து கொடு என்றார். ஒரு மாதம் உட்கார்ந்து செய்தேன். அதற்குப் பிறகுதான் நான் முதலில் சொன்ன அட்டை.

விரிப்புகளைக் கீழே வைத்துவிட்டு நேராக மேடத்திடம் போனேன். அட்டையில் இருப்பது உண்மையில்லை என்று மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் சிரித்தார். கோபித்திருந்தால்கூடப் பரவாயில்லை. வருகிறவர்களுக்கு நகை மட்டும் போதாது, கதையும் வேண்டும் என்று எனக்குப் புரிய வைத்தார். அதோடு நிற்கவில்லை. இனிமேல் சனிக்கிழமைகளில் நான் முன் வராந்தாவில் பாய் விரித்து உட்கார வேண்டுமாம். அந்தக் காலத்து மலைக்காரப் பெண்கள் மாதிரி தோளில் முடிச்சுப் போட்டுச் சேலை கட்ட வேண்டுமாம். எல்லோரும் பார்க்க நகை செய்ய வேண்டுமாம். குறடு மட்டும் யார் கண்ணிலும் படக்கூடாதாம், மடியில் சேலைக்குள் வைத்துக்கொள்ள வேண்டுமாம்.

நான் கேட்டேன். "மேடம், இது நானா யோசிச்சதுங்க. எங்கம்மா சொல்லிக் குடுக்கலீங்க. அட்டையில எம்பேரு மட்டும் போடுங்க, எனக்கு அது போதும்."

"பேர் போட்டா யாரோ ஒரு பொம்பளை செஞ்ச மாதிரி ஆயிடும்மா."

"யாரோ ஒரு பொம்பளதானுங்க செஞ்சேன்" என்றேன்.

இனிமேல் செய்ய மாட்டேன் என்றும் சொல்லிவிட்டு வந்தேன். கீழே வைத்த விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு சலவை அறைக்குப் போனேன். பத்துப் பதக்கமும் அந்தக் கிழவியின் படத்தோடு ஊர் ஊராகப் போகப் போகின்றன, ஒன்றில்கூட நான் இல்லை. எனக்கு வேண்டியதெல்லாம் என் பெயர் ஒன்றுதான். சான்றிதழில் ஓர் எழுத்துத் தவறியது, அட்டையில் முழுப் பெயரும் காணாமல் போனது.

அடுத்த சனிக்கிழமை வராந்தாவில் யார் உட்கார்ந்திருந்தது தெரியுமா? செவ்வாய்ப்பேட்டைக்காரி. தோளில் முடிச்சு, கழுத்தில் பாசிமணி, தலையில் ஒரு காட்டுப்பூ. காலில் அட்டைப்பூச்சி கடித்தாலே அலறுகிறவள், அவள்தான் பல நூறு ஆண்டுப் பழங்குடி. சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் கொடியைப் பார்த்துத்தான் செய்துகொண்டிருந்தாள். இரண்டு வாரம் அவளோடு நான் பேசவில்லை. பஸ்ஸில் பக்கத்து இடம் காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே போனேன்.

மூன்றாவது வாரம் அவளே சலவை அறைக்கு வந்தாள். கையில் ஒரு பதக்கமும் கட்டரும். வந்தவள் உட்காரவில்லை.

"அக்கா, நீங்க என்னைய என்ன வேணா திட்டுங்க. சனிக்கெழம ஒரு நாளாச்சும் குனிஞ்சு கழுவாம இருந்தா இடுப்பு தேவலைங்கக்கா, அதுக்குத்தான் ஒத்துக்கிட்டேன். ஆனா எனக்குக் கொடி வரமாட்டேங்குது. நொம்ப டைட்டாவே வருது. ஆடவே மாட்டேங்குது."

வாங்கிப் பார்த்தேன். அழகாக, வகுப்பில் சொன்னபடியே, இடைவெளி இல்லாமல் நெருக்கிச் சுற்றியிருந்தாள். கொடி கம்பத்தில் கட்டிப்போட்ட திருடன் மாதிரி நின்றது. என் நகத்தை விட்டுப் பார்த்தேன், போகவில்லை. அவள் கையிலிருந்த கட்டரை வாங்கி நறுக்கென்று வெட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று சுற்று. நிமிர்ந்தபோது அவள் முகத்தைப் பார்த்தேன். வகுப்பில் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போது தெரிந்தது. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. கட்டரைக் கீழே வைத்தேன்.

"உக்காரு புள்ள. வெரல் உட்டுக் கட்டோணும்" என்றேன்.

அவள் விரலையே கம்பியோடு சேர்த்து வைத்து, அதன் மேல் சுற்றச் சொல்லி, பிறகு விரலை உருவச் சொன்னேன். விரல் தடிமன் நகைக்கு அதிகம், ஆனால் கை பழக அதுதான் வழி. பிறகு தீக்குச்சியை வைத்துச் சுற்றப் பழக்கினேன். மழையில் காயாத விரிப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து மூன்று நாள் மதியம் சொல்லிக்கொடுத்தேன். கோபம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். சொல்லிக்கொடுத்துக்கொண்டே திட்டினேன். மேடத்தைத் திட்டினேன், அட்டையைத் திட்டினேன், அந்த அம்மாவின் படத்தை எங்கிருந்தோ எடுத்துப் போட்டவனைத் திட்டினேன். எம்பேரு ஒரு எடத்துலயும் வராது, அதுதான் எனக்கு வயிறெரியுது என்று அவளிடமே சொன்னேன். அவள் தீக்குச்சியை உருவிவிட்டு அடுத்த சுற்றைத் தொடங்கினாள்.

இன்றைய நிலவரத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அட்டை இன்னும் மாறவில்லை. வராந்தாவில் இப்போது யாரும் உட்காருவதில்லை, அவள் குளியலறைகளுக்கே திரும்பிவிட்டாள். காரணம் அந்த வாரச் சனிக்கிழமை நடந்தது.

வராந்தாவை ஒட்டிய அறையில் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. அவள் பாயில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தாள், மேடம் பக்கத்தில் நின்று இரண்டு மூன்று குடும்பங்களுக்கு அட்டையில் உள்ளதை விளக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடி போட்ட ஓர் அம்மா, பேச்சைக் கேட்டால் சென்னைக்காரர் போல இருந்தது, குனிந்து அவளிடம் உங்க அம்மா சொல்லிக் கொடுத்ததா என்று கேட்டார்.

நான் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றேன். அவள் மடியில் மறைத்திருந்த குறட்டை எடுத்து, எல்லோரும் பார்க்கப் பாயின் மேல் வைத்தாள்.

"இல்லைங்க. எங்கம்மா ஊட்ல யாருக்கும் இந்த வேலை தெரியாதுங்க. நான் சேலத்துக்காரிங்க. இதக் கண்டுபிடிச்சது எங்கூட வேலை செய்யற அக்கா. இந்த வாரந்தான் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க" என்றாள். பிறகு என் பெயரைச் சொன்னாள்.

மேடம் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தோன்றவும் இல்லை. அந்தக் கண்ணாடி அம்மா பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தார். பதக்கத்தில் தொங்கிய அட்டையைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டு, பெயரை மறுபடி சொல்லும்மா என்றார். அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். கடைசி எழுத்தை மட்டும் இரண்டு தடவை சொன்னாள், சான்றிதழில் அதைத்தான் தப்பாக அடித்திருந்தார்கள்.